சுருக்கொப்பம் போட்ட ஒன்பது பேர்

துறைமுகப் பண்டசாலையில் சேர்ந்தபோது எனக்கு இருந்த படிப்பு ஆறாம் வகுப்பு. அதையும் மூன்று பள்ளிக்கூடங்களில் துண்டு துண்டாகப் படித்தேன். பிறகு மட்டக்களப்பில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எண்ணினேன். மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை எழுதினேன். மன்னார்ப் பக்கம் உப்புக் குவியல்களுக்குக் காவல் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் என்னால் இருக்க முடிந்ததில்லை. திருகோணமலையில் கரையோரக் குடும்பமொன்றில் கலியாணம் கட்டிய பிறகுதான் ஓரளவு நின்றேன். உலகச் சண்டை வந்தது. துறைமுகத்தில் எழுதத் தெரிந்த எவனையும் எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள்.

நாள் சம்பளம். கப்பல்களுக்குப் போகும் கயிறு, பெயின்ற், விளக்குக் கண்ணாடிச் சிமிளி, பித்தளைத் திருகாணி எல்லாம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தட்டுத் தட்டாக இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது எத்தனை, போனது எத்தனை, மிச்சம் எத்தனை என்று அதில் எழுதவேண்டும். மாலையில் அட்டைகளைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதில் ஒரு சட்டம் இருந்தது. பிழையாக எழுதினால் அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, மேலே தடித்து எழுதக்கூடாது. அடிமட்டம் வைத்துப் பிழையின் நடுவே ஒரு கோடு கிழித்து, பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி விட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளைச் சுழித்து ஒப்பமிடவேண்டும். அதைச் சுருக்கொப்பம் என்பார்கள். எங்கள் வாயில் இனிசல்.

இந்தச் சட்டத்தைப் பழக்கியவர் பெரிய கிளாக்கர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒல்லியான மனிதர், வெள்ளை ட்ரில் கோட்டு, எப்போதும் மையில் நனைந்த நடுவிரல். புதிதாக வந்த எவனையும் கூப்பிட்டு ஒரு பழைய அட்டையைக் காட்டுவார்.

“பார் தம்பி. இதில பிழை இருக்கு, திருத்தம் இருக்கு, திருத்தினவன் ஆர் எண்டும் இருக்கு. இது கணக்கு. சுரண்டிப்போட்டு எழுதினா அது கணக்கில்லை, களவு.”

சொல்வதோடு நிற்கவில்லை. நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒருவன் பிளேட்டால் ஒரு எண்ணைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே எழுதினான். எடுத்தது ஒரு சாமானும் இல்லை. வெறும் கூட்டல் பிழை. அன்று பின்னேரமே அவனை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் கை, பிழை கண்டால் தானாகக் கோடு கிழித்துத் தானாகச் சுழிக்கும். சாப்பாட்டுக் கடதாசியில் ஏதாவது எழுதித் திருத்தினாலும் சுழிக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போட்ட சித்திரைக்குப் பிறகு எங்கள் கரையோரத்தைப் பட்டாளத்துக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் தவணை. லொறிகளில் ஏற்றிக் கந்தளாய்க்குக் கொண்டுபோய், குளக்கட்டுக்குப் பக்கத்தில் காட்டை வெட்டிப் போட்டிருந்த நீளக் கிடுகுக் கொட்டில்களில் இறக்கினார்கள். என் மனைவியும் மூன்று வயதான மகளும் அங்கே போனார்கள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆண்களுக்கென்று இருந்த லயத்தில் தங்கினேன். பட்டினத்துக்குள் குடும்பம் வைத்திருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது கிடைக்கும். நாள் சம்பளக்காரருக்குக் கிடையாது.

கந்தளாயில் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வரும், பிறகு நெருப்பாய்க் காயும், பிறகு வியர்க்கும். செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் வந்து கொய்னா மருந்து கொடுப்பார். சில செவ்வாய்களில் வரமாட்டார். முதல் மூன்று மாதத்தில் அந்தக் கொட்டிலில் இருந்து ஆறு பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வேலையை விட்டுவிட்டு மனைவி பிள்ளையோடு வேறு ஊர் போகலாமே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? துறைமுகத்தில் வேலை செய்தவனுக்குத்தான் அப்போது அரிசி ஒழுங்காகக் கிடைத்தது. நானும் பல ஊர் பார்த்தவன். அரிசி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாள் சம்பளத்தில் இருந்து மாதச் சம்பளத்துக்குப் போக ஒரே வழி சோதனை. பண்டசாலைக் கணக்கெழுதுவோர் சோதனை. கொழும்பில் இருந்து வினாத்தாள் வரும், விடைத்தாள் கொழும்புக்குப் போகும். வருடத்துக்கு இரண்டு தரம், ஒரே சனிக்கிழமையில் மூன்று தாள். முதலாவது எண்கணக்கு. பன்னிரண்டு கேள்வி, பவுன், சிலிங், பென்ஸ் கணக்கில். இரண்டாவது பேரேடு. முப்பது கொடுக்கல் வாங்கலைத் தந்து, ஏற்றி, மிச்சம் கட்டி, தட்டில் எண்ணிய தொகையோடு ஒப்பிட்டு வித்தியாசம் சொல்லச் சொல்வார்கள். மூன்றாவது இங்கிலீசு. ஒரு கடிதம், பத்து வசனம் திருத்தல். தாளுக்கு நூறு புள்ளி. ஒவ்வொன்றிலும் நாற்பது வேண்டும். மூன்றும் சேர்ந்து நூற்றைம்பது வேண்டும். ஒன்றில் முப்பத்தொன்பது எடுத்தால் மற்ற இரண்டிலும் நூறு எடுத்தும் பயன் இல்லை. அடுத்த முறை மூன்றையும் புதிதாக எழுதவேண்டும். அந்த அடுத்த முறையும் நாள் சம்பளக்காரனுக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு தரம் தவறினால் பிறகு அந்தக் கதவு இல்லை.

பெரிய கிளாக்கர் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

“முக்காலி தெரியுமே? ஒரு கால் முறிஞ்சா மற்ற ரெண்டையும் இரும்பால செய்தாலும் இருக்க ஏலாது.”

“அப்ப நிலத்தில இருப்பம் ஐயா,” என்றான் என் கூட்டாளி.

அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயின்ற் பகுதியில் எழுதியவன், பட்டினத்துக் கத்தோலிக்கன், என்னைவிட நாலு வயது இளையவன், கலியாணம் கட்டாதவன். அவனுடைய அக்கா ஒருத்தி பட்டினத்துக்கு வெளியே கப்பல்துறை என்ற ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கித் தையல் தைத்துக்கொண்டிருந்தா. பட்டினத்தில் அவர்களுடைய வீடு பூட்டிக் கிடந்தது. அக்காவை அங்கே திருப்பிக் கூட்டிவர அவனுக்கும் சீட்டு வேண்டும். ஆனால் அவன் அவசரப்பட்டவன் இல்லை. “அக்கா வந்தா கோயிலுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகவேண்டி வரும் மச்சான்,” என்பான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கயிற்றுச் சுருள்களின் மேல் இருந்து படித்தோம். பேரேடு எனக்கு வந்தது. எண்கணக்கு வந்தது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுன் என்பது நாலு நாளில் விரலுக்குள் வந்துவிட்டது. இங்கிலீசுதான் வரவில்லை. அட்டையில் எழுதும் சாமான் பெயர்கள் எல்லாம் எழுத்துக்கூட்டத் தெரியும். இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும் சொற்கள்தான் தெரியாது.

பள்ளிக்கூடங்களில் எல்லாம் பட்டாளம் இருந்ததால் ஒரு கோயில் மண்டபத்தில் சோதனை நடந்தது. வாங்குகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எங்கள் பண்டசாலையில் இருந்து பதினொரு பேர். மேற்பார்வைக்கு வந்தவர் ஒரு தலைமை ஆசிரியர். கறுப்புக் கோட்டின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், அந்த வெக்கையில், விடைத்தாளின் முகப்பில் அச்சடித்திருந்த பத்து விதிகளையும் இங்கிலீசில் வேகமாக வாசித்தார். கதைக்கக்கூடாது, புத்தகம் வைத்திருக்கக்கூடாது, கேளாமல் வெளியே போகக்கூடாது என்ற மூன்றும் எனக்கு விளங்கின. விளங்கியதா என்று கேட்டார். பதினொரு பேரும் “யேஸ் சேர்” என்றோம். பெயர் எழுதவேண்டாம், சுட்டெண் மட்டும் எழுதுங்கள் என்று தமிழிலும் ஒருதரம் சொன்னார். பெயர் எழுதும் இடத்தில் சுட்டெண்ணை எழுதினோம்.

எண்கணக்கு நல்லாகப் போனது. பேரேட்டில் முப்பது கொடுக்கல் வாங்கலையும் ஏற்றி, மிச்சம் கட்டி, தட்டில் எண்ணிய தொகையோடு பார்த்தேன். தும்புக் கயிறு நாற்பது சுருள் வித்தியாசம். வித்தியாசம் இருக்கும் என்று தெரியும், அதைக் கேட்கத்தானே கேள்வி. ஆனால் நாற்பது என்பது பெரிது. திருப்பிப் பார்த்தேன். பதினேழாவதில் ஒரு கப்பல் திருப்பி அனுப்பிய இருபது சுருளை வரவில் ஏற்றாமல் செலவில் ஏற்றியிருந்தேன். அதற்குக் கீழே கயிற்றுக்குக் கட்டியிருந்த ஏழு மிச்சமும் பிழை.

கால்மணி நேரம் இருந்தது. பக்கத்து வாங்கில் இருந்த கூட்டாளி என் முகத்தைப் பார்த்துவிட்டான். பென்சில் சீவ அவன் கொண்டுவந்திருந்த அரைப் பிளேட்டை வாங்கின் விளிம்பால் என் பக்கம் தள்ளினான். தன் தாளில் எதையோ சுரண்டி ஊதிவிட்டுத்தான் தள்ளினான். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று. என் கண்ணுக்கு முன்னால் வேலை போனவனின் முகம் நின்றது. அடிமட்டத்தை எடுத்துக் கோடு கிழித்தேன். சரியானதை எழுதினேன். பக்கத்தில் சுழித்தேன். கீழே ஏழு மிச்சத்துக்கும் அப்படியே. மொத்தம் எட்டு. மணி அடித்தபோது எட்டாவது சுழிப்பின் மை காயவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் நின்று எல்லாரும் கதைத்தோம்.

“என்ர தாளில பன்னிரண்டு இனிசல்,” என்றான் ஒருவன். “பார்க்கிறவன் பயந்திடுவான்.”

“வடிவா இருக்குமே, கலியாண வீட்டு மொய்க் கொப்பி மாதிரி,” என்றான் என் கூட்டாளி.

எல்லாரும் சிரித்தோம். பின்னேரம் இங்கிலீசுத் தாள். ஒரு பெட்டி விளக்குச் சிமிளி உடைந்து வந்ததைப் பற்றிக் கடிதம். அது நான் தினமும் எழுதும் விஷயம். ஒரு மாதிரி ஒப்பேற்றினேன்.

அடுத்த ஞாயிறு அரிசி லொறியில் ஏறிக் கந்தளாய்க்குப் போனேன். மனைவிக்கு அன்று காய்ச்சல் இல்லாத நாள். குந்தியிருந்து சுள்ளி முறித்துக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. பிள்ளை என்னிடம் ஓடிவந்தாள், வயிறு முன்னுக்கும் கால் பின்னுக்குமாக.

“சோதினை எப்பிடி?” என்றாள் மனைவி.

“நல்லாச் செய்தனான்.”

“நல்லா எண்டா?”

“பாஸ் பண்ணுவன்.”

“சத்தியமா?”

“ஓம்.”

சுள்ளியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, “எப்ப சொல்லுவாங்கள்?” என்றாள்.

“மூண்டு மாதமாகும்.”

“அப்ப மாரி வந்திடுமே.” நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். “சரி. இந்தக் கூரையைப் பின்னேரம் ஒருக்கா மேஞ்சு விட்டுட்டுப் போங்கோ. பிள்ளை படுக்கிற பக்கம் வானம் தெரியுது.”

கூரையை வேய்ந்துவிட்டு வந்தேன்.

மாரி நடுவில் பெறுபேறு வந்தது. சித்தியடைந்தவர்களின் சுட்டெண்ணை மட்டும் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். எங்கள் பதினொரு பேரில் இரண்டு எண் இருந்தது. ஒன்று என் கூட்டாளியுடையது. மற்றது, பேரேட்டுத் தாளில் பாதியை எழுதிவிட்டு வயிற்றுவலி என்று முதலே எழும்பிப் போய், பின்னேரம் இங்கிலீசுக்குத் திரும்பி வந்தவனுடையது. என் எண் இல்லை. பலகைக்குப் பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தேன்.

பெரிய கிளாக்கருக்கு நம்பிக்கை வரவில்லை. தன் செலவில் கொழும்புக்கு எழுதிக் கேட்டார். மூன்று கிழமையில் பதில் வந்தது. எங்களைக் கூப்பிட்டு, மேசைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, கடிதத்தை ஒருதரம் தனக்குள் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். ஒன்பது பேருடைய விடைத்தாள்களிலும் எழுதியவர் யார் என்று காட்டும் குறி இருந்ததாம். ஏழாம் விதிப்படி பெயரோ, முதலெழுத்தோ, வேறு எந்த அடையாளமோ தாளுக்குள் எங்கும் இருக்கக்கூடாது. இருந்தால் தாளைத் திருத்தமாட்டார்கள். ஒருவருடைய தாளையும் திருத்தவில்லை.

“அப்ப எங்களுக்கு எத்தனை புள்ளி ஐயா?” என்றேன்.

“புள்ளி இல்லை.”

“சைபரோ?”

“சைபரும் இல்லை தம்பி. சைபர் போடவும் ஒருக்காப் பார்க்கவேணுமே. அவங்கள் பார்க்கேல்லை.”

யாரோ மனு எழுதலாம் என்றார்கள். அவர் மனுவும் எழுதினார். விதி முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது, வாசித்தும் காட்டப்பட்டது என்று இரண்டு வரியில் பதில். ஒரு தரம் எழுதியதாகத்தான் கணக்கு. அன்று பண்டசாலை மூடும்போது அவர் என்னைப் பார்த்து, “நான்தானே உங்களுக்குப் பழக்கினனான்,” என்றார். ஓம் என்றும் நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டுமே அவருக்கு உதவியிராது.

கூட்டாளி அன்று என் கண்ணில் படவில்லை. மறுநாள் கயிற்றுச் சுருளில் வந்து பக்கத்தில் இருந்தான்.

“மச்சான், எனக்கு அடிக்கவேணும் எண்டா அடி.”

“ஏன்ரா அடிக்கிறது?”

“பிளேட்டை வாங்கியிருக்கலாமே நீ.”

“ஓம். வாங்கியிருக்கலாம்.”

“எனக்குச் சீட்டு வந்திட்டுது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப்போறன்.” மேலே தகரத்தைப் பார்த்தபடி சொன்னான்: “உன்ர மனுசியை என்ர தங்கச்சி எண்டு போடலாமோ எண்டு யோசிச்சனான். ஏலாது. கந்தளாய் ஊர் விதானையார் கையெழுத்து வைக்கவேணும். அவரிட்ட அவ உன்ர மனுசி எண்டு அரிசிக் கூப்பனில இருக்கு. ஆனா பிள்ளைக்குத் தனிக் கூப்பன் இல்லைத்தானே? பிள்ளையை அக்காவின்ர மகள் எண்டு போடுவம். ஆருக்குத் தெரியும்?”

அவனுடைய அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கலியாணம் கட்டி இரண்டாம் வருடம் கப்பலேறிப் போனவன். படிவத்தில் அவவுக்கு ஒரு மகளை எழுதினான் கூட்டாளி. பிடிபட்டால் அவனுக்கு வேலை போகும், சிறையும் இருக்கலாம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் யோசித்துவிடுவான் என்று பயந்தேன்.

கந்தளாயில் மனைவியிடம் சொன்னபோது அவளுக்குக் காய்ச்சல் நாள். சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். சோதனை என்ன ஆனது என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் எடுத்தது. கையெழுத்துப் போட்டதற்காகத் தாளைப் பார்க்காமல் விட்டார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

“பிழையைத் திருத்தினதுக்கோ?”

“திருத்தினதுக்கில்லை. திருத்தினது நான் எண்டு எழுதினதுக்கு.”

“வேற ஆர் எண்டு எழுதிறது?” என்றாள். பற்கள் அடித்துக்கொண்டன. பிறகு, “பிள்ளையைக் கொண்டு போங்கோ. இந்த மாரிக்கு இஞ்ச வச்சிருக்க ஏலாது. அடுத்த சோதினையில பாஸ் பண்ணிப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ,” என்றாள்.

லொறியில் ஏற்றும்போது பிள்ளை அழுதாள். மனைவி வெளியே வரவில்லை. குளிர் விடவில்லை.

பட்டினத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருந்தது. சீட்டுப் பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளைத்தான் முதலில் கேட்பார்கள். அக்கா அவளை மடியில் வைத்து, “நான் ஆர்?” என்று கேட்பா. “அம்மா” என்று சொல்லப் பழக்கினா. என்னை மாமா என்று சொல்லவேண்டும். ஒரு கிழமையில் பழகிவிட்டாள். சின்னப் பிள்ளைதானே, புதிதாக ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மூன்று மாதத்தில் வயிறு வற்றிக் கன்னம் வந்தது. அக்கா மிச்சத் துணிகளில் அவளுக்குச் சட்டை தைத்துப் போட்டா. ஒருதரம் தாயைக் காட்டக் கந்தளாய்க்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்த பத்தாம் நாள் காய்ச்சல் விழுந்தது. அக்கா ஐந்து நாள் நித்திரை கொள்ளவில்லை. பிறகு என்னை வாசலில் வைத்தே சொன்னா:

“தம்பி, கோவிக்காதேங்கோ. இனி அங்க கொண்டுபோக நான் விடமாட்டன்.”

அவ சொன்னது சரி. நான் கோவிக்கவில்லை.

இரண்டாவது சோதனைக்குப் பெரிய கிளாக்கரே எங்களைப் பழக்கினார். சாப்பாட்டு நேரத்தில் பழைய வினாத்தாள் தருவார். பிழை விட்டால் கோடு கிழிக்கவேண்டும், சரியானதை எழுதவேண்டும், அத்தோடு கையை எடுத்துவிடவேண்டும். கை சுழிக்கப் போனால் அடிமட்டத்தால் மேசையில் அடிப்பார். ஒரு மணி அடித்ததும் நாங்கள் எழும்பித் தட்டுகளுக்குப் போய் அட்டையில் எழுதவேண்டும். அங்கே சுழிக்காவிட்டால் அதே மனிதர் அதே அடிமட்டத்தோடு வருவார். ஒரு மணிக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை. ஒன்பது பேரில் ஒருவனுக்கு அந்தக் குழப்பத்தில் எதுவும் எழுதவராமல் போய், சோதனையே வேண்டாம் என்று விட்டுவிட்டான். விதிகள் பத்தையும் அவர் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பத்தையும் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

எண்கணக்கு நல்லாக எழுதினேன். பேரேட்டில் இரண்டு பிழை விட்டேன், இரண்டையும் கோடு கிழித்துத் திருத்திவிட்டு வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் இங்கிலீசு. கடிதம் இப்படிக் கேட்டிருந்தார்கள்: உமது குடும்பத்தில் ஒருவருக்குச் சுகமில்லை, மூன்று நாள் விடுமுறை கேட்டு மேலதிகாரிக்கு எழுதுக. நூறு சொல்லுக்கு மேற்படாமல்.

நான் எழுதத் தொடங்கினேன். மனைவி என்று எழுதினேன், கந்தளாய் என்று எழுதினேன், காய்ச்சல், கிடுகு, செவ்வாய்க்கிழமை. தெரிந்த இங்கிலீசுச் சொற்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். நடுவில் சொல் இல்லாத இடங்களில் அட்டைச் சொற்களை வைத்தேன். வந்தது, போனது, மிச்சம். மூன்று நாள் போதாது என்றும் எழுதினேன். நேரம் முடியும்போது மூன்று பக்கம். திருத்தவேண்டிய பத்து வசனங்களில் நாலைத்தான் தொட்டிருந்தேன்.

இந்த முறை என் தாளைத் திருத்தினார்கள். கட்டணம் கட்டிப் புள்ளி எடுத்தேன். எண்கணக்கு எண்பத்தொன்று. பேரேடு எழுபத்தேழு. இங்கிலீசு முப்பத்தொன்று. கூட்டினால் நூற்று எண்பத்தொன்பது. வேண்டியது நூற்றைம்பது. ஆனாலும் தவறியது.

கூட்டாளி கடிதத்தைப் பற்றிக் கேட்டான். சொன்னேன்.

“அட விசரா. உண்மையை ஏன்ரா எழுதினனீ? பெரியப்பாவுக்குச் சுகமில்லை எண்டு ஆறு வரி எழுதியிருந்தா ஐம்பது தந்திருப்பாங்களே.”

“எனக்குப் பெரியப்பா இல்லை.”

“எனக்குந்தான் மருமகள் இல்லை,” என்றான். சொல்லிவிட்டு எழும்பிப் பெயின்ற் பகுதிக்குப் போனான். படிவத்தில் பிள்ளையை எழுதிய பிறகு அவன் என்னிடம் அதைப் பற்றிக் கதைத்தது அந்த ஒருதரம்தான்.

மனைவிக்குச் சொல்லப் போனபோது அவள் கொட்டிலுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாள், தலையாட்டினாள். “எனக்குக் காய்ச்சல் பழகிட்டுது. பிள்ளை சாப்பிடுறாளோ?” என்றாள்.

“சாப்பிடுறாள்.”

“என்னைக் கேட்கிறாளோ?”

“ஓம்,” என்றேன். அது பொய்.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. சண்டை முடிந்த பிறகு ஒரு காலை வாசல் பலகையில் கால்முழக் கடதாசி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். இனி அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. யாரும் பட்டினத்துக்குள் வரலாம், போகலாம். தாள் மூன்றும் புள்ளி நாற்பதும் எல்லாம் எதற்கென்று இருந்ததோ, அது ஒரு கடதாசியில் முடிந்தது. அந்த மாதக் கடைசியில் நாள் சம்பளக்காரரை நிறுத்தவும் தொடங்கினார்கள்.

மனைவி ஒரு லொறியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பொட்டலம், அதற்குள் மரவள்ளிக் கிழங்கு. முகம் மஞ்சளாக, இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வீங்கி இருந்தது. கூட்டாளியின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இருத்தினா. கதிரை போட்டா. அவ முகத்தில் இரத்தம் இல்லை.

பிள்ளை குசினி வாசலில் நின்றாள். ஆறு வயது. சீவிப் பின்னி, கழுத்தில் சின்னச் சிலுவை.

“வாங்கோ,” என்றாள் மனைவியைப் பார்த்து. “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

மனைவி சிரித்தாள். “ஓம் பிள்ளை, குடிக்கிறன்.”

மூன்று நாள் அங்கே இருந்தாள். அக்கா பிள்ளையை இருத்தி எல்லாம் சொன்னா, அழுது அழுது சொன்னா. பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு, “சீட்டுப் பார்க்க ஆரும் வாறாங்களோ?” என்று கேட்டாள். மனைவி சோறு பிசைந்து கொடுத்தால் மரியாதைக்கு ஒரு வாய் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்ப்பாள். இரண்டாம் நாள் மனைவிக்குக் குளிர் வந்து சாக்குக் கேட்டபோது, பிள்ளை பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் மனைவி பொட்டலத்தைக் கட்டினாள்.

“இருந்து பார்ப்பம். பழகுவாள்,” என்றேன்.

“பழகுவாள். ஒருக்காப் பழகினவள்தானே.” முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். “இன்னொருக்கா இழுத்தா அவளுக்கு ஒண்டுமே மிஞ்சாது. அந்த அக்காவுக்கும் மிஞ்சாது. எனக்கு அங்க மரவள்ளி கிடக்கு.”

எனக்கு வேலை இல்லை. லயத்தையும் காலிபண்ணச் சொல்லியிருந்தார்கள். அவளோடு நானும் போனேன். அங்கே எத்தனை நாள் நிற்பேன் என்று எனக்குத் தெரியாது, அவளும் கேட்கவில்லை. கூட்டாளி லொறிக்காரனிடம் கதைத்து முன்னால் இடம் எடுத்துத் தந்தான். அக்கா வெளியே வரவில்லை. பிள்ளை படலையில் நின்று எங்கள் இருவருக்கும் கை காட்டினாள். வந்து போகிறவர்களுக்குக் கை காட்டவேண்டும் என்று அந்த வீட்டில் அவளுக்கு நல்லாகப் பழக்கியிருந்தார்கள்.